செலவழுங்குதல்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைப் பல வருடங்களாகப் படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை.

எனக்கு 54 வயது. 28 வருடமாக ஒரே கம்பெனியில் வேலை. இயந்திரங்களைக் கொண்டுபோய்ப் பொருத்துவது, பழுதானால் போய்ச் சரிசெய்வது. மாதத்தில் பதினெட்டு இருபது நாள் டூர்தான். வெளிநாட்டுக்கும் அவ்வப்போது போகவேண்டி வரும். போன மாதம் மேனேஜர் கூப்பிட்டு, அடுத்த வருடத்திலிருந்து நான் வெளியே போக வேண்டாம், ஹெட் ஆபீஸில் இருந்துகொண்டு புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் போதும் என்றார். சம்பளம் குறையாது, டூர் படி மட்டும் போய்விடும். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் அன்று இரவு நான் தூங்கவில்லை.

கடைசியாகப் போன டூரில் ஒன்று நடந்தது. ரயில் நிலையப் படிக்கட்டில் ஏறும்போது, என்னுடன் வந்த ஜூனியர் பையன் என் கையிலிருந்த டூல் பெட்டியைக் கேட்காமலே வாங்கிக்கொண்டான். ‘குடுங்க சார், நான் எடுத்துட்டு வரேன்’ என்றான். பின்னால் வந்த இரண்டு பேர் அதைப் பார்த்தார்கள். எனக்குக் கூசிப்போனது. 28 வருடம் நானே சுமந்த பெட்டி அது.

உடம்பும் முன்போல இல்லை. நேரம் மாறுகிற நாட்டுக்குப் போய்வந்தால் தூக்கம் சரியாக ஒரு வாரம் ஆகிறது. புது இடத்தில் முதல் ராத்திரி கண்ணே மூடுவதில்லை. இடது கால் அடிக்கடி வீங்குகிறது. மெஷினில் உள்ள சின்ன எழுத்துகள் தெரிவதில்லை.

இத்தனை வருடம் குடும்பத்துக்காக ஓடினேன். இப்போது நாலு நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்தால் எல்லோருக்கும் இடைஞ்சலாக இருக்கிறேனோ என்று தோன்றுகிறது. வந்த அன்றே மனைவி ‘எப்ப கிளம்பணும்?’ என்று கேட்கிறாள். குடும்பத்துக்காக ஓடியவனுக்குக் குடும்பத்தில் இடமில்லை.

ஹெட் ஆபீஸ் வேலையை ஏற்றுக்கொள்வதா, விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது தொடங்குவதா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். டூரில் படிக்க நல்ல புத்தகங்கள் சிலவற்றைச் சொன்னாலும் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்னால், பரண்மேல் கிடந்த என் பழைய டூர் பெட்டியை இறக்கினேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருந்தது. திறந்தால் ஒரு சோப்பு டப்பா, நூல் சுற்றிய அட்டையில் குத்திவைத்த ஊசி, கிரீஸ் கறை போகாத ஒரு துணி, முழ நீளத்தில் மரப்பிடி போட்ட ஒரு ஸ்குரூடிரைவர். அதைக் கையில் எடுத்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளையடிக்க வந்தவர் ‘இதையும் பழைய இரும்புல போட்டுடலாமா?’ என்று கேட்டபோதுதான் எழுந்தேன். போடவில்லை. இதோ, மேஜைமேல் இருக்கிறது. எழுத வருவதற்கு முன்னும் வந்த பின்னுமாக 26 வருடம் நான் அச்சு இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற வேலையில் இருந்தவன். அந்தப் பெட்டியை நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் சிலவற்றைத் தள்ளிவைத்துவிடுகிறேன்.

புத்தகப் பட்டியல் தரப்போவதில்லை. டூரையே நிறுத்தச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்கும் கடிதத்தின் கடைசி வரியில் டூரில் படிக்கப் புத்தகம் கேட்கிறீர்கள். உங்கள் மனம் அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கு வருகிறேன்.

தூக்கத்துக்கு நீங்கள் வயதைக் குறை சொல்கிறீர்கள். பாதிதான் சரி. புது இடத்தில் முதல் இரவு தூக்கம் வராமல் போவது எந்த வயதிலும் உண்டு. 2016-இல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களைப் படுக்கவைத்துத்தான் ஆராய்ந்தார்கள். பழகாத இடத்தில் முதல் இரவு மூளையின் இடது பாதி வலது பாதியளவுக்கு ஆழ்ந்து உறங்குவதில்லை, சின்னச் சத்தத்துக்கும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டார்கள். மறுநாள் மெஷினைப் பிரிக்க வேண்டிய உங்களுக்காக மூளை பாதி விழித்துக் காவல் காக்கிறது. நேரம் மாறும் நாடுகளுக்குப் போனாலும் அப்படித்தான். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகர்ந்துகொடுக்கும். அதன் சுற்று 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம், அதனால் மேற்கே போவதைவிடக் கிழக்கே போவதுதான் பலருக்கும் கஷ்டம். ஏழு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு வாரம் என்பது ஞாயமான கணக்கு. இருபத்தாறு வயதிலும் உங்களுக்குத் தூக்கம் கெடத்தான் செய்தது. அப்போது தாங்கினீர்கள், இப்போது தாங்கவில்லை.

எழுத்து தெரியவில்லை என்றால் கண்ணாடி போடுங்கள். கண்ணின் வில்லை வருடத்துக்கு வருடம் விறைத்துக்கொண்டே போகிறது, நாற்பது தாண்டினால் பெரும்பாலோர் கையை நீட்டிப் பிடித்துத்தான் படிக்க வேண்டும். இதில் எழுத ஒன்றுமில்லை.

ஆனால் அந்த இடது கால்! ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இலேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. விமானத்தில் மட்டுமில்லை, ரயில், பஸ், கார் எதில் போனாலும் அப்படித்தான். காலில் உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மெஷினில் ஒரு பக்கம் மட்டும் சூடானால் ‘பழைய மெஷின், அப்படித்தான் இருக்கும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா? ஒரு கால் மட்டும் வீங்குவதை வயது என்று சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

சரி, இப்போது பெட்டி.

பெட்டிக்குச் சக்கரம் வந்தது எவ்வளவு பிந்தி என்று யோசித்திருக்கிறீர்களா? பெர்னார்ட் சேடோ என்ற அமெரிக்கர் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1972-இல். நாலு சக்கரம், ஒரு வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். கடைகடையாக ஏறி இறங்கியிருக்கிறார், ஆரம்பத்தில் யாரும் வாங்கவில்லை. பெட்டியைத் தூக்குவதுதான் ஆண்மை என்ற நினைப்பு அப்போது பலமாக இருந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இன்று எல்லோரும் இழுத்துக்கொண்டு நடக்கிற, நீட்டி மடக்கும் கைப்பிடியும் இரண்டு சக்கரமும் உள்ள பெட்டியை ராபர்ட் பிளாத் என்ற விமானி செய்தது 1987-இல். அதுவரை பெரும்பாலோர் தோள்பட்டை இறங்க இறங்கச் சுமந்தார்கள். அந்த வீம்புதான் ரயில் நிலையப் படிக்கட்டில் உங்களைக் கூசவைத்தது. பின்னால் வந்த இரண்டு பேர் எதைப் பார்த்திருப்பார்கள்? ஒரு பையன் தன் பெரியவரிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொள்கிறான். எனக்கு அப்படி ஒருவன் இருந்தான். அவனுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன்.

நீள ஸ்குரூடிரைவர் எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, சுழலும் பாகம் எதிலும் படாமல், ஸ்குரூடிரைவரின் நுனியை, சுழலும் தண்டான ஷாஃப்டைத் தாங்குகிற பேரிங்கின் உறைமேல் ஊன்ற வேண்டும். மரப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். நல்ல பேரிங் தூரத்தில் மழை பெய்வதுபோல ஒரே சீராக இரையும். பந்து தேய்ந்திருந்தால் நடுவில் கடகடக்கும். கிரீஸ் வற்றத் தொடங்கினால் மெல்லிசாக ஒரு கீச்சு வரும், கேட்டவனுக்கு மறக்காது. இன்று அதிர்வை அளக்கக் கருவிகள் வந்துவிட்டன. எங்கள் காலத்தில் காதுதான் கருவி, என் காதுக்கு அந்த வேலையில் நல்ல பெயர் இருந்தது.

எனக்கு 53 வயதிருக்கும். ஒரு பெரிய அச்சகத்தில் வருடாந்திர சோதனை. கூட ஒரு ஜூனியர் பையன், இருபத்துநாலு வயது. நான் ஒவ்வொரு பேரிங்காகக் கேட்டுக்கொண்டு வந்தேன், எனக்குப் பின்னால் அவனும் கேட்டுக்கொண்டு வந்தான். ஒரு சிலிண்டர் பக்கம் வந்ததும் நின்று, ‘சார், இதுல ஒரு கீச்சு கேக்குது’ என்றான். திரும்பிப் போய்க் கேட்டேன். மழை இரைச்சல்தான். மறுபடி கேட்டேன். ஒன்றுமில்லை. அவன் மூன்றாம் முறையும், ‘இல்ல சார், நல்லாக் கேக்குது’ என்றான். அச்சகத்தின் ஃபோர்மேனும் ஏழெட்டுத் தொழிலாளிகளும் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் அவனைப் பார்த்து, ‘வேலைக்கு வந்து முழுசா ரெண்டு வருஷம் ஆகல, எனக்குக் காது கேக்கலைன்னு சொல்றியா?’ என்று கத்தினேன். முகம் சுண்டிப்போய் ஒதுங்கி நின்றான். ‘அனைத்துப் பேரிங்குகளும் நன்று’ என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்தொன்பதாம் நாள் அந்தப் பேரிங் இறுகிப்போனது. ஷாஃப்ட் தேய்ந்து, மூன்று நாள் அச்சு நின்றது. நான் வேறொரு டூரில் இருந்தேன், அவன்தான் தனியாகப் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தான். என்னென்ன மாற்றினான் என்று மட்டும் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தான். முன்பே கீச்சு கேட்டது என்று ஒரு வார்த்தை இல்லை. ஆபீஸிலும் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒரு வருடம் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அவன் கேட்டது சரி, நான்தான் கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டு காது மருத்துவரிடம் போக எனக்கு எட்டு மாதம் ஆனது. சோதித்துவிட்டு அந்த அம்மா ஒரு தாளைக் காட்டினார். இடப்பக்கமிருந்து ஒரு கோடு கொஞ்சதூரம் சமமாகப் போய், வலப்பக்கம் மலைச்சரிவு மாதிரி இறங்கியது. நாம் பிறக்கும்போது ஒவ்வொரு காதுக்குள்ளும் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. கீச்சுக் குரலை வாங்குகிறவை உட்காதில் நத்தை ஓடு போல இருக்கும் உறுப்பின் வாசலிலேயே இருக்கின்றன, அடிக்குரலை வாங்குகிறவை உள்கோடியில். வயதும் இரைச்சலும் சேர்ந்து வாசலில் இருப்பவற்றைத்தான் முதலில் தீர்த்துவிடுகின்றன. போனது போனதுதான், மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. மழை இரைச்சல் எனக்குக் கேட்டதும் கீச்சு கேட்காமல் போனதும் அதனால்தான்.

இதெல்லாம் சொல்லிவிட்டு அவர் கேட்டார்: ‘வீட்ல பேசறது சரியாக் கேக்குதா?’

நான் வீட்டில் அதிகம் இருப்பதில்லை என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும்தான் முதலில் மங்கும், பேசுவது காதில் விழும், ஆனால் வார்த்தை பிடிபடாது என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாலு வருடமாக என் மனைவி என்னிடம் சத்தமாகப் பேசுகிறாள் என்று எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. டூரிலிருந்து களைத்து வருகிறவனிடம் ஏன் இப்படிக் கத்துகிறாள், இவளுக்கு என்மேல் என்ன கோபம் என்று லாட்ஜ் அறைகளில் படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன். அவளுக்குக் கோபமே இல்லை. எனக்குக் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று சொல்லாமல் குரலை உயர்த்தியிருக்கிறாள்.

ச., உங்கள் கடிதத்தில் ‘குடும்பத்துக்காக ஓடினேன்’ என்பதை இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உங்களைத் திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். சம்பளம் வீட்டுக்குப் போனது, பிள்ளைகள் படித்தார்கள், எல்லாம் உண்மை. யாரும் அதை மறுக்க முடியாது. ஆனால் அதுமட்டும்தானா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், போவது உங்களுக்குப் பிடித்திருந்தது. இரவு ரயிலில் வண்டி நகரத் தொடங்கும்போது ஒரு நிம்மதி வருமே, அது குடும்பத்துக்காக வந்ததா? லாட்ஜில் சாவியை வாங்கிக் கதவைத் திறந்ததும் மடித்துப் போட்ட படுக்கை, காலியான மேஜை, ஒரு கேள்வியும் கேட்காத நாலு சுவர். அது குடும்பத்துக்காகவா? ஒரு இடத்தில் மெஷின் நின்றுபோய்க் கிடக்கிறது, முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், நீங்கள் பெட்டியோடு உள்ளே வருகிறீர்கள். எல்லோரும் வழிவிடுகிறார்கள். மூன்று மணி நேரம் கழித்து மெஷின் ஓடுகிறது, முப்பது பேரும் சிரிக்கிறார்கள். வீட்டில் எந்தக் கதவைத் திறந்தாலும் அப்படி யாரும் வழிவிட மாட்டார்கள். அங்கே குழாய் ஒழுகும், பிள்ளைக்குக் கணக்கு வராது, அதையெல்லாம் எந்த ஸ்பேனரைப் போட்டும் மூன்று மணி நேரத்தில் சரிசெய்ய முடியாது.

எனக்குப் பிடித்திருந்தது. நான் சொல்லிவிடுகிறேன். என் முறை இல்லாத டூர்களை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். என் மகள் பள்ளி ஆண்டுவிழாவில் மேடையேறிய நாளில் அப்படி வாங்கிய ஒரு டூரில் இருந்தேன். ‘கம்பெனி அனுப்பிட்டாங்கம்மா, என்ன பண்றது’ என்று அவளிடம் சொன்னேன். கம்பெனி அனுப்பவில்லை. இதை அவளிடம் ஒப்புக்கொண்டது அவளுக்கு முப்பத்திரண்டு வயதானபோது. அவள் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘தெரியும்ப்பா’ என்றாள்.

குடும்பத்துக்காக ஓடினேன் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் வீட்டில் உள்ளவர்கள் கையில் ஒரு கடன் சீட்டைத் திணிக்கிறீர்கள். அவர்கள் கேட்டு வாங்காத கடன். 28 வருட வட்டியோடு நிற்கிறது. இப்போது வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, எனக்கு என்ன திருப்பித் தரப்போகிறீர்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறீர்கள். அப்படிப் பார்க்கிறவன் இருக்கும் அறையில் யார்தான் இயல்பாக இருக்க முடியும்? இடைஞ்சல் நீங்கள் இல்லை, அந்தச் சீட்டுதான். அதைக் கிழித்துப் போடுங்கள். ‘எனக்கு இந்த வேலை பிடிக்கும், ஊர் ஊராகப் போவது பிடிக்கும், அதனால் போனேன், அதில் உங்களுக்கும் நல்லது நடந்தது, உங்களுக்கு வேண்டிய நேரத்தில் நான் இல்லாமலும் போனேன்’ என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்வது கஷ்டம். சொன்ன பிறகு அந்த வீட்டில் உட்கார இடம் கிடைக்கும்.

உங்கள் மனைவி ‘எப்ப கிளம்பணும்?’ என்று கேட்பதைத் துரத்துவதாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கும் ஒன்று நடந்தது. ஒருமுறை நாற்பது நாள் டூர் முடிந்து வந்தேன். குளிக்கப் போகும்போது என் மனைவி அலமாரியிலிருந்து ஒரு புதுத் துண்டை மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுத்தாள். கொடியில் மூன்று துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அவளுடையது, மகளுடையது, மகனுடையது. என்னுடையது இல்லை. விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி கொடுக்கிறாளே என்று சுருக்கென்றது. அன்று முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தேன். ராத்திரி கேட்டுவிட்டேன். ‘லாட்ஜ்ல யார் யாரோ தொடைச்ச துண்டையே தொடைச்சிட்டு வர்றீங்க, வீட்டுக்கு வந்தா புதுசா இருக்கட்டும்னு எடுத்து வச்சேன்’ என்றாள். போன மாதமே வாங்கி வைத்திருக்கிறாள். 28 வருடமாக உங்கள் சட்டைகளைத் துவைத்து, தேய்த்து, பெட்டியில் அடுக்கிக் கொடுத்தவருக்கு ‘எப்ப கிளம்பணும்?’ என்பதுதான் உங்களைப் பற்றிய முதல் கேள்வியாக இருக்க முடியும். இன்னும் எத்தனை நாள் கையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறார். அடுத்தமுறை கேட்டால், ‘ஏன் கேக்கறே?’ என்று திருப்பிக் கேளுங்கள். கோபமில்லாமல் கேளுங்கள்.

நம் பழைய இலக்கணத்தில் இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது. வேலை நிமித்தமாக ஊர்விட்டுப் போவதை நாம் புதுக்காலத்துத் துன்பம் என்று நினைக்கிறோம். காதலைப் பாடும் அகத்திணையில் அது பொருள்வயிற்பிரிவு, பொருள் தேடிப் பிரிந்து போவது. ஒரு துறையாகவே வகுத்துவைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சொல் செலவழுங்குதல். செலவு என்றால் அங்கே போவது, பயணம். பொருள் தேடக் கிளம்புகிறவன் தன் தலைவியின் முகத்தைப் பார்க்கிறான், கால் எழவில்லை, நின்றுவிடுகிறான். இளவயதில் இதைப் படித்தபோது, சரி, பயணத்தை விட்டுவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இலக்கணக்காரர்கள் அப்படிச் சொல்லவில்லை. செலவழுங்குதல் என்றால் போகாமலே இருந்துவிடுவது அல்ல, பிரிவைத் தாங்கும்படி அவளைத் தேற்றுவதற்காகப் போவதைச் சற்றே நிறுத்திவைப்பது என்று தெளிவாகச் சொல்கிறார்கள். போகத்தான் போகிறான். ஆனால் போவதற்கு முன் ஒருமுறை நின்று, எதிரில் இருப்பவளின் முகத்தைப் பார்த்து, இரண்டு வார்த்தை பேசுகிறான். அப்படி நிற்பதற்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றியிருக்கிறதே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். என்னுடைய 26 வருடத்தில் நான் ஒரு தடவைகூட அப்படி வாசலில் நின்றதில்லை. ஆட்டோ வந்துவிட்டது, நேரமாகிவிட்டது என்று முதுகைக் காட்டிக்கொண்டேதான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உங்கள் மேனேஜர் உங்களை ஒதுக்குகிறார் என்று நினைக்கிறீர்கள். இருக்கலாம், அவர் மனதில் என்ன இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்ல? ஆனால் அடுத்த வருடம்வரை நாள் கொடுத்திருக்கிறார். வேலையை இப்போது விட வேண்டாம். சொந்தமாக ஏதாவது என்கிறீர்கள், என்ன என்று உங்களுக்கே தெரியவில்லை, தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். கூச்சத்தில் எடுக்கிற முடிவு அது. பயிற்சி வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் போகிற வரைக்கும் மிச்சம் இருக்கிற டூர்களில் அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெட்டியை அவன் தூக்கட்டும், முதலில் அவன் கேட்கட்டும், அவன் சொன்ன பிறகு நீங்கள் பேசுங்கள். எந்தக் கஸ்டமர் கத்துவார், கத்தினாலும் உள்ளுக்குள் நல்லவர் யார், எந்த மெஷினில் மேனுவலில் இல்லாத ஒரு வால்வு இருக்கிறது, இதெல்லாம் உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. வகுப்பறையில் பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுக்க முடியாது, ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால்தான் போய்ச் சேரும்.

நான் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டது வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று. எல்லோரும் போன பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டு, ‘அன்னிக்கு உனக்குக் கேட்டது சரி’ என்றேன். எந்த நாள் என்று அவன் கேட்கவில்லை. ‘பரவால்ல சார்’ என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டு ஆட்டோவரைக்கும் வந்தான். இப்போது அவன் அந்த வேலையில் பெரிய ஆள். எங்காவது மெஷின் புரியாத சத்தம் போட்டால் எனக்குப் போன் செய்வான். போனை மெஷினருகே பிடித்தால் எனக்குக் கேட்காது என்று அவனுக்குத் தெரியும். அதனால் தன் காதில் கேட்பதை வாயால் சொல்வான். ‘ஊசியால தட்டுல கீறுற மாதிரி இருக்கு சார், வேகம் கூட்டினா மறைஞ்சிடுது.’ நான் கண்ணை மூடிக்கொண்டு, அது எந்த இடத்தில் இருக்கும் என்று சொல்வேன். போன வாரம்கூட அரைமணி நேரம் பேசினோம்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். பெட்டியை வாங்கிய பையன் பெயர் அதில் எங்கும் இல்லை. டாக்டர் கால் பற்றி என்ன சொன்னார் என்று எழுதுங்கள், அப்படியே அவன் பெயரையும் எழுதுங்கள்.